ஐஎஸ்ஓ 3: பழைய பிரஸ் ஃபிலிம், சிவப்பு விளக்கு, பெரியப்பாவின் கை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கோம். கிளைக்கதைகள் சிலதை மட்டும் வெட்டியாச்சு.)

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்குல ஆரம்பிக்கலாம். உங்க போன் கேமராவை ப்ரோ மோடுக்கு மாத்தி, ஐஎஸ்ஓவைக் கீழே தள்ளிக்கிட்டே போங்க. பெரும்பாலான போன்ல 50 இல்லன்னா 100ல நின்னுடும். கடந்த நாலு மாசமா நான் படம் எடுக்கிற ஃபிலிமோட ஐஎஸ்ஓ 3. முப்பது இல்லை, முந்நூறு இல்லை. மூணு.

இது எவ்வளவு மந்தம்னு புரிய, பழைய போட்டோகிராபர்கள் வெச்சிருக்கிற 'சன்னி 16' விதியை எடுத்துக்கலாம். நல்ல வெயில்ல, எஃப் 16ல, ஷட்டர் நேரம் ஒன்றின் கீழ் ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓ 100 ஃபிலிம்னா நூறுல ஒரு பங்கு செகண்ட். ஐஎஸ்ஓ 3ன்னா மூணுல ஒரு பங்கு செகண்ட். அதுவும் மண்டை காயுற வெயில்ல! நிழலுக்கு வந்தா ரெண்டு செகண்ட் ஆகும். வீட்டுக்குள்ள சின்ன துவாரம் வெச்சு எடுத்தா நிமிஷக்கணக்கு. தெருவுல போற ஆட்டோ படத்துல விழவே விழாது. நின்னுட்டிருக்கிற மாடு விழும், வால் விழாது.

இவ்வளவு மந்தமான ஃபிலிம் எதுக்கு? இது மனுஷங்களைப் படம் எடுக்கச் செஞ்சதே இல்லை. இதுக்குப் பேர் லித் ஃபிலிம். ஆஃப்செட் பிரஸ்ல 'பாசிட்டிவ் எடுக்கிறது'ன்னு ஒரு வேலை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பட்டாசு டப்பா லேபிள், எல்லாமே பிளேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஷீட் ஃபிலிம்ல கறுப்பும் கண்ணாடியுமா இருந்தது. அதுக்கு ஒரு அறை அளவுக்குப் பெரிய பிராசஸ் கேமரா. அப்புறம் கம்ப்யூட்டர்ல இருந்து நேரா பிளேட்டுக்கு அடிக்கிற சிடிபி வந்தது. கேமராவும் ஃபிலிமும் மூலைக்குப் போச்சு.

எங்க பெரியப்பா சிவகாசியில அந்த கேமரா செக்ஷன்லதான் 31 வருஷம் வேலை பார்த்தார். இப்போ 74 வயசு, சென்னையில எங்களோட இருக்கார். அவரோட கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி. அதுக்குள்ள கறுப்புக் கவர்ல 11 ஷீட். ஒவ்வொண்ணும் 10க்கு 12 இன்ச். ஒரு ஷீட்டை வெட்டினா 4க்கு 5 இன்ச் துண்டு ஆறு வரும். ஆக மொத்தம் 66 படம். லித் ஃபிலிம் வெளிநாட்டுல இன்னும் வாங்கலாம்தான். ஆனா இந்தப் பெட்டி இந்தப் பெட்டிதான், இன்னொண்ணு கிடையாது.

அவருக்கு ரெண்டு வருஷமா பார்க்கின்சன்ஸ். வலது கை ஆடும். அந்தக் கையோட சேர்த்து, அவர் வாழ்க்கை பூரா கையாண்ட அதே ஃபிலிம்ல அவரை ஒரு போர்ட்ரெய்ட் எடுக்கணும். இதுதான் ப்ராஜெக்ட். அதுல இருக்கிற சிக்கல் உங்களுக்கே புரியுது: ஒரு செகண்ட் அசையாம இருக்கச் சொல்ற ஃபிலிம், ஒரு செகண்ட்கூட நிக்காத கை.

நான் பகல்ல பேக்எண்ட் கோடு எழுதுறவ. அதனால முதல்ல பட்ஜெட் போட்டேன். 40 துண்டு டெஸ்டுக்கு, மிச்சம் போர்ட்ரெய்ட்டுக்கு. பெரியப்பா குறுக்கே வந்தார். "ஏம்மா, எல்லாத்தையும் வெட்டிராத. ரெண்டு ஷீட் முழுசா இருக்கட்டும்." எதுக்குன்னு கேட்டேன், சொல்லலை. சரி, 9 ஷீட்டை மட்டும் வெட்டினேன். 54 துண்டு.

வெட்டுறதுலயே ஒரு நுணுக்கம் இருக்கு. 4க்கு 5 ஹோல்டர்ல நுழையுற ஃபிலிம் உண்மையில 4க்கு 5 இன்ச்சைவிட ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் சின்னது. அந்த ஓரத்தைச் சீவணும். லித் ஃபிலிம் வழக்கமான ஷீட் ஃபிலிமைவிட மெல்லிசு, ஹோல்டர்ல லேசா வளையும். எந்தப் பக்கம் மருந்துன்னு காட்ட ஓரத்துல வெட்டுக்குறியும் இருக்காது. சிவப்பு விளக்குல பார்த்தா வெளிறின பக்கம் மருந்துப் பக்கம்.

ஆமா, சிவப்பு விளக்கு. இந்த ஃபிலிமோட பெரிய சுகமே அதுதான். இது ஆர்த்தோகுரோமேடிக். நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. சாதாரண ஃபிலிமை முழு இருட்டுல தடவித் தடவி கழுவணும். இதை சிவப்பு வெளிச்சத்துல கண்ணால பார்த்துக்கிட்டே கழுவலாம். பாத்ரூம்ல சிவப்பு எல்இடி பல்பு மாட்டினா போதும். ஆனா கடையில 'ரெட்'னு விக்கிற பல்பு சிலது வெள்ளை எல்இடி மேல சிவப்புச் சாயம் பூசினது, பச்சை கசியும். சோதிக்க ஒரு சின்னத் துண்டு ஃபிலிம் மேல அஞ்சு ரூபாய் காசை வெச்சு, விளக்குக்குக் கீழே அஞ்சு நிமிஷம் விடுங்க. அப்புறம் கழுவிப் பாருங்க. காசோட வட்டம் தெரிஞ்சா அந்த பல்பு வேண்டாம்.

ஆரம்பத்துல போட்டோகிராபிக் தட்டுகளுக்குப் பச்சைகூடத் தெரியாது, நீலம் மட்டும்தான். 1873ல ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல்ங்கிற ஜெர்மன் வேதியியல் பேராசிரியர், தட்டுல சாயம் சேர்த்தா பச்சையையும் பார்க்க வைக்கலாம்னு கண்டுபிடிச்சார். அதுக்கு முன்னாடி எடுத்த படங்கள்ல வானம் எப்பவும் வெள்ளைக் காகிதமா இருக்கும், ஏன்னா நீல வானம் தட்டுக்கு அவ்வளவு பிரகாசம். நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1858ல மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுத்திப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப், மெட்ராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராபர். அவர் எடுத்த படங்கள்ல சிலதுல மேகம் இருக்கும். அது வானத்துல இருந்த மேகம் இல்லை. வெறும் வெள்ளையா வந்த வானத்தைச் சமாளிக்க, நெகட்டிவ் மேல அவரே தீட்டினது. ஃபோட்டோஷாப்பை யாரும் புதுசுன்னு சொன்னா இதைச் சொல்லுங்க.

எனக்கு இதுல நடைமுறைச் சிக்கல் தோல் நிறம். நம்ம தோல்ல சிவப்பும் பழுப்பும் அதிகம், ஃபிலிம் அதைப் பார்க்காது. மாநிறம் கறுப்பா வரும், உதடு இன்னும் கறுப்பா வரும். அம்மாவோட குங்குமம் கறுப்பு மை மாதிரி விழுந்தது. செம்பருத்தியைப் படம் எடுத்தா இலை வெளிச்சமா, பூ கறுப்பா வரும். லைட் மீட்டர் எல்லா நிறத்தையும் சேர்த்து அளக்கும், ஃபிலிமோ பாதியைத்தான் பார்க்கும். அதனால முகத்துக்கு மீட்டர் சொல்றதைவிட ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சம் கூடுதலா கொடுத்தேன். எந்த வெளிச்சம்ங்கிறதும் முக்கியம். காலை பத்து மணி திறந்த நிழல்ல நீலம் அதிகம், ஃபிலிம் சுறுசுறுப்பா இருக்கும். சாயங்கால மஞ்ச வெயில்ல தூங்கி வழியும். குண்டு பல்புக்குக் கீழே வெச்சா மீட்டரை நம்பவே கூடாது.

சரி, ஐஎஸ்ஓ 3ன்னு யார் சொன்னா? பெட்டியில அப்படி எதுவும் அச்சடிக்கலை. டெஸ்ட் பண்ணித்தான் கண்டுபிடிக்கணும். வழி சுலபம். ஹோல்டர்ல இருக்கிற மூடித்தகடை முழுசா இழுத்து ஒரு செகண்ட் கொடுக்கணும். அஞ்சுல ஒரு பங்கு உள்ளே தள்ளி இன்னொரு செகண்ட். மறுபடி தள்ளி ரெண்டு, அப்புறம் நாலு, அப்புறம் எட்டு. ஒரே துண்டுல 1, 2, 4, 8, 16 செகண்ட்னு அஞ்சு பட்டை கிடைக்கும். கழுவி வெயில்ல தூக்கிப் பிடிச்சா எந்தப் பட்டையில நிழல் விவரம் ஆரம்பிக்குதுன்னு தெரியும். இந்த நேரத்துக்கெல்லாம் ஷட்டரே தேவையில்லை. லென்ஸ் மூடியை எடுத்து, எண்ணி, திரும்ப மூடினா போதும். நான் போன்ல மெட்ரோனோம் ஓட விட்டேன்.

நேரம் நீளமானா இன்னொரு விஷயம் குறுக்கிடும். ரெண்டு மடங்கு நேரம் கொடுத்தா ரெண்டு மடங்கு பலன் வராது, குறைச்சலா வரும். இதை அளந்து சூத்திரமாக்கினவர் கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட். ஆமா, பிளாக் ஹோல் ஆரத்துக்குப் பேர் கொடுத்த அதே ஆள்தான்! அதுக்கு முன்னாடி வியன்னாவில ஒரு வானாய்வகத்துல நட்சத்திர வெளிச்சத்தைத் தட்டுல அளந்துட்டிருந்தார். நேரத்தை அப்படியே பெருக்காம, அதுக்கு 0.86ன்னு ஒரு அடுக்கு போடணும்னு சொன்னார். அந்த எண்ணை வெச்சா, மீட்டர் 10 செகண்ட் சொன்னா கொடுக்க வேண்டியது சுமார் 14 அரை. ஒரு நிமிஷம் சொன்னா ரெண்டு நிமிஷம். அடுக்கு ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும், ஆனா தொடக்கத்துக்கு இது போதும். ஒரு வரி ஃபங்ஷனா எழுதி போன்ல வெச்சிருக்கேன். நான் எழுதினதுலயே பக் ரிப்போர்ட் வராத ஒரே கோடு அதுதான்.

இப்போ உண்மையான சண்டைக்கு வருவோம். டெவலப்பர்.

லித் ஃபிலிமோட பிறவிக் குணம் ஒரு பிட் கணக்கு. ஒரு எல்லைக்கு மேல போனா முழுக் கறுப்பு, கீழே இருந்தா முழுக் கண்ணாடி, நடுவுல ஒண்ணும் இல்லை. அதுக்குன்னே இருக்கிற லித் டெவலப்பர்ல சல்ஃபைட் ரொம்பக் குறைவு. கறுக்க ஆரம்பிச்ச ஒரு படிகம் பக்கத்துல இருக்கிறதையும் கறுக்கத் தூண்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்டு பரவுற மாதிரி. எழுத்தும் புள்ளியும் கத்தி மாதிரி வர அதுதான் காரணம். முகத்துக்கு அது ஆகாது. பாதி முகம் சுண்ணாம்பு, பாதி தார்னு இருக்கும்.

சாம்பல் வரவைக்க மென்மையான டெவலப்பர் வேணும். ரெண்டு பொதுவான ஃபார்முலாவை முயற்சி பண்ணேன். ஒண்ணு டி-72: ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், சோடியம் சல்ஃபைட் 45, ஹைட்ரோகுயினோன் 12, சோடியம் கார்பனேட் 67.5, பொட்டாசியம் புரோமைடு 2. இது போட்டோ பேப்பருக்கானது, சல்ஃபைட் நிறைய இருக்கிறதால அந்தப் பரவல் நடக்காது. வழக்கமான அளவுல கலந்தா அப்பவும் கறுப்பு வெள்ளைதான். ஒரு பங்குக்கு 15 பங்கு தண்ணி ஊத்தினப்போ சாம்பல் எட்டிப் பார்த்தது, ஆனா திட்டுத் திட்டா. ரெண்டாவது டி-23: மெட்டால் 7.5 கிராம், சல்ஃபைட் 100, அவ்வளவுதான். ரெண்டே சாமான். இதைப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, 24 டிகிரியில ஏழு நிமிஷம். கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவுல நாலஞ்சு படி சாம்பல் வந்தது. அதுக்கு விலை வேகம். டி-72ல 6 மாதிரி நடந்துகிட்ட ஃபிலிம் இதுல 3க்கு இறங்கிடுச்சு.

நிழல் விவரம் இன்னும் போதலை. அதுக்கு முன்வெளிச்சம்னு ஒரு பழைய தந்திரம் இருக்கு. லென்ஸ் முன்னாடி வெள்ளைத் தாளைப் பிடிச்சு, மீட்டர் சொல்றதைவிட மூணு ஸ்டாப் குறைச்சு ஒரு முறை, அப்புறம் அதே துண்டுல உண்மையான படம். அந்தச் சொட்டு வெளிச்சம் ஃபிலிமைத் தட்டி எழுப்பி வெக்கும். வேட்டி மடிப்புல இருந்த இருட்டு இதுலதான் திறந்தது.

வீட்டுல செய்ய நினைக்கிறவங்களுக்குச் சில விஷயம். இந்தச் சாமான் எல்லாம் பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடையில கிடைக்கும். மெட்டால் சிலருக்குத் தோல்ல அரிப்பு, புண் கொண்டு வரும், கையுறை கட்டாயம். சமையல் பாத்திரம், கரண்டி எதையும் தொடாதீங்க, தனியா ட்ரே வாங்கிடுங்க. டெவலப்பரை நிறுத்த வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு. அப்புறம் ஹைப்போ. பழசான ஹைப்போவுல வெள்ளி கரைஞ்சிருக்கும், சாக்கடையில ஊத்தாம கேன்ல சேர்த்து வைங்க. மே மாசம் எங்க மொட்டை மாடித் தொட்டித் தண்ணி 32 டிகிரி. அந்தச் சூட்டுல ஃபிலிம் மேல இருக்கிற ஜெலட்டின் கொழகொழன்னு ஆகி, நகம் பட்டாலே வழிச்சுக்கிட்டு வந்துடும். பெரிய பேசின்ல ஐஸ் போட்டு அதுக்குள்ள ட்ரேயை வெச்சேன். புத்தகங்கள் 20 டிகிரின்னு சொல்லும். சென்னை பாத்ரூம்ல 20ஐப் பிடிச்சு வைக்கிறதைவிட 24லேயே எல்லா ட்ரேயையும் நிறுத்துறது சுலபம். எண் எதுவா இருந்தாலும் எல்லாத் தண்ணியும் ஒரே சூடா இருக்கணும், அவ்வளவுதான்.

டெஸ்ட் நடந்த நாள்லாம் பெரியப்பா பாத்ரூம் வாசல்ல பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் உள்ளே வந்து ட்ரேயோட மூலையைப் பிடிச்சார். கை ஆட ஆட டெவலப்பர் சீரா அலையடிச்சது. "ஆட்டிவிட உனக்கு ஆள் வேணும்ல. நம்மகிட்ட ஆட்டோமேட்டிக்கா இருக்கு." நான் சிரிக்கலாமா கூடாதான்னு யோசிக்கிறதுக்குள்ள அவரே சிரிச்சுட்டார்.

ஆனா காய்ஞ்ச நெகட்டிவைக் காட்டினப்போ அவருக்குப் பிடிக்கலை. ஜன்னல்ல தூக்கிப் பார்த்துட்டு, "ஏம்மா இப்படி சாம்பல் பூத்துக் கிடக்கு? கறுப்பு கறுப்பா இல்லையே"ன்னார். எனக்கு அப்போதான் உறைச்சது. 31 வருஷம் அவர் வாங்கின சம்பளமே சாம்பலை ஒழிக்கிறதுக்கு. ஊசித்துளி வெளிச்சம் தெரிஞ்சாகூட மெல்லிசு பிரஷ்ல ஒபேக் மை தொட்டு அடைப்பாராம். நான் 40 துண்டு செலவழிச்சு, அவர் ஒழிச்சதைத் திரும்பக் கொண்டு வந்துட்டிருக்கேன்.

போர்ட்ரெய்ட் வராந்தாவுல. காலை பத்தரை, திறந்த நிழல், ஒரு பக்கம் கொடியில காய்ஞ்ச வெள்ளை வேட்டியை ரிஃப்ளெக்டரா இழுத்துவிட்டோம். நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போட்டு, தலை சுவர்ல சாயுற மாதிரி. எஃப் 5.6, ஒரு செகண்ட். ஃபிளாஷ் போட்டு உறைய வைக்கலாம்னு கணக்கு போட்டேன். ஐஎஸ்ஓ 100ல கைட் நம்பர் 60 இருக்கிற பெரிய ஃபிளாஷ்கூட ஐஎஸ்ஓ 3ல பத்து சொச்சம்தான். ரெண்டு மீட்டருக்குள்ள நின்னு முகத்துல நேரா அடிக்கணும். 74 வயசு ஆளோட கண்ணுல அதைச் செய்ய மனசு வரலை.

முதல் நாலு படத்துல முகம் தெளிவு, மடியில இருக்கிற கை புகை. பார்க்க அழகாத்தான் இருந்தது, நீங்க இன்ஸ்டால பார்த்தா ஹார்ட் போடுவீங்க. அவருக்கு ஆகலை. "கையில்லாத ஆள் மாதிரி இருக்கேன்"னார். அப்புறம் அவரே சொன்னார்: "சும்மா வெச்சிருந்தாத்தான் ஆடும். வேலை குடு, நிக்கும்." உண்மைதான். பார்க்கின்சன்ஸ் நடுக்கம் கை ஓய்வா இருக்கும்போதுதான் அதிகம். ஒரு காரியத்துல இறங்கினா நிறைய பேருக்குக் கொஞ்ச நேரம் அடங்கும். நான் மருத்துவக் கட்டுரையில படிச்சதை அவர் தன் கையைப் பார்த்தே தெரிஞ்சு வெச்சிருக்கார்.

டெஸ்ட் நெகட்டிவ் ஒண்ணை அட்டை மேல வெச்சுக் கொடுத்தேன். பெட்டியில இருந்து அவரோட பழைய பிரஷ் ஒண்ணு வந்தது, ரெண்டு மூணு முடிதான் மிச்சம். ஊசித்துளி ஒண்ணைத் தேடி, மூச்சைப் பிடிச்சு, பிரஷ் நுனியை அது மேல கொண்டு போனார். நான் மூடியை எடுத்தேன். டிக். மூடினேன். இப்படிப் பத்து துண்டு. அதுல மூணுல பிரஷ் முனை வரைக்கும் ஷார்ப். மத்ததுல விரல் ஓரம் லேசா கரைஞ்சிருக்கு. ஒண்ணுல கை பிரமாதம், ஆனா அவர் கண்ணை மூடிட்டார். 54ம் முடிஞ்சது.

அந்த மூணையும் அவர் வரிசையா ஜன்னல் கண்ணாடியில ஒட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம். அப்புறம்தான் அந்த ரெண்டு முழு ஷீட் எதுக்குன்னு சொன்னார். "இதை ஸ்கிரீன் போட்டு பாசிட்டிவ் எடுப்போம்மா. புள்ளி வைக்க சாம்பல் வேணும்ல, இதுல இருக்கு." அதாவது என்னோட சாம்பல் நெகட்டிவ்தான் ஒரிஜினல். அதை எங்க கேமராவையே திருப்பி என்லார்ஜரா வெச்சு, நடுவுல கான்டாக்ட் ஸ்கிரீன் போட்டு, 10க்கு 12 லித் ஷீட்ல விழ வைக்கணும். சாம்பல் எல்லாம் சின்னதும் பெருசுமா கறுப்புப் புள்ளியா மாறும். டெவலப்பர் கெட்டியான டி-72. ஃபார்மலின் சேர்ந்த அசல் லித் டெவலப்பரை வீட்டுக்குள்ள வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்.

இருக்கிறது ரெண்டே ஷீட். ஒண்ணு டெஸ்டுக்கு, ஒண்ணு படத்துக்கு. ஸ்கிரீன்தான் இல்லை. பெரியப்பா கேட்கிறது 133 லைன், 100 லைன் கிடைச்சாலும் சமாளிக்கலாம்ங்கிறார். உங்க ஊர்ல மூடின ஆஃப்செட் பிரஸ் எங்கயாவது, பரண்ல, தட்டையான பெட்டிக்குள்ள, பட்டர் பேப்பர்ல சுத்தி சாம்பல் நிறத்துலயோ மெஜந்தா நிறத்துலயோ ஒரு பெரிய ஃபிலிம் மாதிரி கிடந்தா, தூக்கிப் போடாதீங்க. ஓரத்தைப் பிடிச்சு எடுங்க, மேல விரல் படக்கூடாது. நமக்கு ஒரு குரல் கொடுங்க.